மேலேறாத காலடிகள்

அப்பா இறந்து ஆறு வருடமாகியும், அந்தச் சரிவு நிலத்தைக் குறுக்கே உழ இளையவன் சம்மதிக்கவில்லை. அப்பா குறுக்கே உழுதுகொண்டிருந்தபோதுதான் டிராக்டர் சாய்ந்தது. மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது, கீழ்ப்பக்கச் சக்கரம் உழவுச் சாலுக்குள் இறங்கியது. அவ்வளவுதான். இளையவன் வரப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று நேராகத்தான் ஓட்டுவான். மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சால்களிலேயே இறங்கி ஓடைக்குப் போகும். போகும்போது வெறுங்கையோடு போகாது.

அவனுடைய அக்காவுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாயே திறக்காமல் ஆறு வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.

கலப்பை உடைந்தபோதுதான் பேச வேண்டி வந்தது. அதன் இரும்புச் சட்டத்தில் மூன்றாவது முறையாக விரிசல் விட்டிருந்தது. பற்றவைப்பவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இனிமே ஒட்டுறதுக்கு இரும்பே இல்லே, என் ஒட்டுதான் இருக்கு" என்று கையை விரித்துவிட்டார்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இரண்டு விளம்பரத் தாள்கள் எதிரெதிராகக் கிடந்தன. மூத்தவள் கொண்டுவந்தது உழாமலே விதைக்கும் கருவி. அறுவடைக்குப் பின் நிற்கும் தட்டையை அப்படியே விட்டுவிட்டு, மண்ணை ஒரு கோடு மட்டும் கீறி, விதையைப் போட்டு மூடிக்கொண்டு போகும். இளையவன் கொண்டுவந்தது, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர்.

"ஒரே ஓட்டுதான்க்கா. மண்ணு மாவு மாதிரி ஆயிரும். விதை எல்லாம் ஒண்ணா முளைக்கும்."

"மாவுல தண்ணி ஊத்துனா என்ன ஆகும்?"

"அதுக்காகத் தட்டையோட விட்டா களை யார் எடுக்கிறது? எலி வந்து குடும்பம் நடத்தும். யார் எடுப்பா, மாமாவா?"

பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார். அவருக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "எனக்குக் களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாது மாப்ளே. நான் எறங்கினா ரெண்டும் இருக்காது."

மூத்தவள் சிரிக்கவில்லை. "இந்தக் கருவியை வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டினாப் போதும். குறுக்கே ஓட்டிரலாம்."

இளையவன் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். சோறு பாதி மிச்சமிருந்தது. வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"மேட்டுக்கு அந்தப்பக்கம் கடிகாரக்காரர் மூணு வருஷமா ரோட்டவேட்டர்தான் ஓட்டுறார். நம்ம நிலம் மாதிரியேதான் அதுவும் சரிவு. நாளைக்குப் போய்ப் பார்ப்போம். நல்லா இருந்தா நான் சொல்றது. இல்லேன்னா நீ சொல்றது."

அவள் சரி என்றாள்.

கடிகாரக்காரர் நகரத்தில் முப்பது வருடம் கடிகாரம் பழுதுபார்த்தவர். மனைவி போன பிறகு கடையை மூடிவிட்டு, மேட்டுக்கு அந்தப்புறம் ஒன்பது ஏக்கர் வாங்கித் தனியாக இருந்தார். அவர் போய்வரும் சாலை வேறு என்பதால் இவர்கள் கண்ணில் பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் மேட்டைத் தாண்டினார்கள். இந்தப்பக்கம் கத்திக்கொண்டிருந்த பறவைகளின் சத்தம் அந்தப்பக்கம் இறங்கியதும் நின்றுபோனதை மூத்தவள்தான் முதலில் கவனித்தாள். பிறகு வேலி தெரிந்தது. கம்பங்கள் நடப்பட்டிருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தன. அடியில் இருந்த சிமெண்ட் உருண்டைகள் தரைக்கு ஒரு சாண் மேலே, காற்றுக்கு மெல்ல ஆடின.

"கம்பத்தை யாரோ பிடுங்கியிருக்காங்க" என்றான் இளையவன்.

கம்பத்தை யாரும் மேலே தூக்கவில்லை, தரைதான் கீழே போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது.

வீடு அதைவிட மோசம். கதவு அவர்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அஸ்திவாரக் கருங்கற்கள் ஈறு விட்ட பற்கள்போல் வெளியே தெரிந்தன. வாசலில் ஓர் இரும்பு ஏணி சாத்தியிருந்தது. கடிகாரக்காரர் கதவைத் திறந்து, மேலிருந்து குனிந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"வாங்க வாங்க. ஏணி ஆடும், பார்த்து."

"என்ன மாமா, வீட்டை ஏத்திக் கட்டிட்டீங்களா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நான் எங்கேம்மா கட்டினேன். அதுவா வளருது. மொத வருஷம் ஒரு படி வச்சேன். அடுத்த வருஷம் ரெண்டு. அப்புறம் செங்கல் அடுக்கி அலுத்துப்போய் ஏணி போட்டுட்டேன்."

பேரப்பிள்ளை உயரமானதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

உள்ளே சுவர் முழுக்க ஊசல் கடிகாரங்கள். பதினொன்று இருந்தன, இரண்டுதான் ஓடின. ஒவ்வொன்றின் ஒரு மூலையிலும் மடித்த அட்டை செருகியிருந்தது.

"ஊசல் நேரா தொங்கணும். வீடு கீழ்ப்பக்கமா சாயுது. காலையில அட்டை வச்சு ஓடவிடுவேன், சாயங்காலம் நின்னுரும்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையிலிருந்த பென்சில் ஒன்று தானாக உருள ஆரம்பித்தது. விளிம்புக்கு வந்ததும் அவர் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்து, பழைய இடத்தில் வைத்தார். அது மறுபடி உருண்டது. மறுபடி பிடித்தார்.

இளையவன் வந்த காரியத்தைக் கேட்டான்.

"அருமையான மெஷின்" என்றார் அவர். "நீயே எடுத்துட்டுப் போ. காசெல்லாம் வேண்டாம்."

"ஏன் மாமா?"

"எனக்கு இனிமே உழுறதுக்கு மண்ணு இல்லே. வாங்க, காட்டுறேன்."

நிலம் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், கூடத்துத் தரைபோல் கெட்டியாகக் கிடந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. மேலிருந்து ஓடைவரை சால்கள் நீளநீளமாக இறங்கியிருந்தன.

"இது நீங்க உழுததா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"என் மெஷின் சால் போடாதே. இது எனக்கு முன்னாடி யாரோ. மேல இருந்த மண்ணு போனதும் அடியில இது இருந்துச்சு. எந்தக் காலமோ. அவங்களும் நேர் கீழாவே உழுதிருக்காங்க."

சால்களுக்கு நடுவே மாட்டுக் குளம்புகளும் மனிதக் காலடிகளும் பதிந்து, கல்லாக இறுகியிருந்தன. கடிகாரக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வலது பாதத்தை ஒரு காலடிக்குள் வைத்தார். பிறகு இடதை அடுத்ததில். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின.

"சரியா இருக்கு பார்த்தீங்களா? இன்னொண்ணு கவனிங்க. உழுறவன் முனைக்குப் போனா திரும்பணும்ல? திரும்பி மேல வரணும்ல? எல்லாக் காலடியும் கீழேதான் போகுது. மேல வந்த அடி ஒண்ணுகூட இல்லே. மூணு மாசமாத் தேடுறேன்."

"மாட்டுக் குளம்பு?" என்றான் இளையவன்.

"அதுவும் கீழேதான்."

மூத்தவள் தம்பியின் முழங்கையைப் பிடித்தாள். "வா, போகலாம்."

வரும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். ஈரத்தில் பதிந்த அடி காய்ந்து இறுகியிருக்கிறது, அதில் என்ன இருக்கிறது. மேலே வந்த அடிகள் அழிந்திருக்கும். கிழவருக்குத் தனியாக இருந்து மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. "அவர் வருஷத்துக்கு மூணு தடவை ஓட்டியிருக்கார்க்கா. நாம ஒரே தடவை. அதுவும் மேல இருக்கிற ரெண்டு ஏக்கர் மட்டும். அது அவ்வளவு சரிவுகூட இல்லே. சும்மாத் தர்றார், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துரலாம்."

பந்தயத்தில் அவன் தோற்றுவிட்டான் என்பது இருவருக்கும் தெரியும். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்குப் பிறகு அவன் ஒரு பொருளை ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு ஏக்கர்தான்" என்றாள்.

மறுநாளே ஓட்டினான். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கும் பிடித்திருந்தது. கணுக்கால்வரை பாதம் புதைந்தது. கட்டி என்று ஒன்றில்லை. இளையவன் செருப்பைக் கழற்றிவிட்டு, சிறுபிள்ளைபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். "காலை வெளிய எடுக்கவே மனசு வரலேக்கா" என்றான். உழுத மண்ணில் புழு பொறுக்க எப்போதும் வரும் பறவைகள் மட்டும் வரவில்லை. வேலிமரத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலை நான்கு மணிக்கு மழை வந்தது. பெருமழை ஒன்றும் இல்லை, நாற்பது நிமிடம் பெய்திருக்கும். மூத்தவள் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேல்நிலத்துக்கு ஓடினாள்.

சத்தமே இல்லை. தண்ணீர் வயலில் இறங்கினால் ஒரு சலசலப்பு இருக்கும், ஓடைப் பக்கம் இரைச்சல் கேட்கும். அன்று எதுவும் கேட்கவில்லை. பாலின் மேல் ஆடை விலகுவதுபோல, இரண்டு ஏக்கரும் மெல்ல ஒரே துண்டாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவே இளையவன் அவளுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான்.

"டேய்" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

அவன் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. மாட்டுக்குப் பின்னால் போகிறவனின் நடை அது. இரண்டு கைகளும் இடுப்பு உயரத்தில் முன்னால் நீண்டு, எதையோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருந்தன. அவன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் மாடு இருந்ததில்லை. மரக்கலப்பையை அவன் தொட்டதுகூட இல்லை.

அவள் நேராக அவன் பின்னால் ஓடப் பார்த்தாள். மூன்றாவது அடியில் கால் முழங்கால்வரை இறங்கியது. கீழேயிருந்து யாரோ இழுப்பதுபோல் அல்ல. அதைவிட மோசம். போகச் சுகமாக இருந்தது. பாதம் தானாக அடுத்த இடத்தைக் கண்டுகொண்டது. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் நானும் நின்றிருக்க மாட்டேன் என்று பின்னாளில் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

பக்கவாட்டில் விழுந்து, கையை ஊன்றி, உழாமல் தட்டையோடு விட்டிருந்த பக்கத்து நிலத்துக்குத் தவழ்ந்தாள். அங்கே தரை கெட்டியாக நின்றது. வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தன. தட்டை காலைக் கிழிக்க, அதன் வழியாகவே ஓடைவரை ஓடினாள்.

அவன் வந்து சேர்ந்தபோது அவள் அங்கே இருந்தாள். ஓடை சிவப்பாக, கூழ்போல் போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்காமலே இறங்கினான். முழங்கால் நனைந்தது, தொடை நனைந்தது. அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அது விறைத்திருந்தது.

"திரும்புடா."

"முனை வரலேக்கா" என்றான் அவன், பொறுமையாக. "முனை வந்ததும் திரும்புறேன்."

அவள் அவனை மேலே இழுக்கவில்லை, பின்னாலும் இழுக்கவில்லை. பக்கவாட்டில் இழுத்தாள். ஒரு கையால் கரையோரப் புல்லைப் பற்றிக்கொண்டு, மறுகையால் அவனைச் சரிவுக்குக் குறுக்கே, ஒவ்வோர் அடியாக நகர்த்தினாள். எட்டாவதோ பத்தாவதோ அடியில் அவன் கைகள் தளர்ந்து தொங்கின. தட்டைக்குள் வந்ததும் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். பிறகு தன் கால்களைப் பார்த்து, "எனக்கு ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டான்.

இருவரும் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏறினார்கள். மேலே வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு ஏக்கரில் பாதிக்கு மேல் மண் இல்லை. திட்டுத் திட்டாகச் சாம்பலும் மஞ்சளுமான கெட்டித்தரை தெரிந்தது. அதில் சால்கள் இருந்தன. காலடிகள் இருந்தன. அவற்றில் எது பழையது, எது சற்றுமுன் அவன் வைத்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் ரோட்டவேட்டரைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கடிகாரக்காரரின் வீடு திறந்து கிடந்தது. ஏணி தரையில் விழுந்து கிடந்தது. இளையவன் அதை நிமிர்த்தி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"ஆள் இல்லே. எல்லாக் கடிகாரமும் நின்னுபோச்சு."

வாசலுக்கு நேர் கீழே, ஈரத்தில் புதிய காலடிகள் பழைய காலடிகளின் மேல் ஏறி ஓடைக்குப் போயிருந்தன. இருவரும் கரையோடு நடந்து மதியம்வரை கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு நகரத்தில் இருந்த அவர் மகளுக்குப் போன் செய்தார்கள். போலீஸ் வந்தது. நான்கு நாள் தேடினார்கள். மகள் வந்து அந்த ஏணியின் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் தகவல் வந்தது. ஓடை ஆற்றோடு சேரும் இடத்தில், அரை நாள் நடை தூரத்தில், நடு ஆற்றில் மண் மேடு தட்டிய ஒரு திட்டு இருந்தது. மீன் பிடிக்கிறவர்கள் அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கூப்பிட்டால் வரவில்லையாம். கொடுத்தால் சாப்பிடுகிறாராம்.

மகளோடு அக்காவும் தம்பியும் படகில் போனார்கள். கடிகாரக்காரர் நலமாகத்தான் இருந்தார். வெயிலில் கறுத்திருந்தார். ஒரு குச்சியால் சேற்றைக் கீறி, வரிசையாக ஏதோ விதையை ஊன்றிக்கொண்டிருந்தார். இளையவனைக் கண்டதும் கையசைத்தார்.

"பார்த்தியா தம்பி, எல்லாம் இங்கதான் வந்திருக்கு. ஒரு பிடிகூட வீணாப் போகலே."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நகக்கண் அளவில் ஒரு பித்தளைப் பல்சக்கரம். "கடையைக் காலி பண்ணிக் கொண்டாந்த குப்பையை நிலத்து வீட்டு வாசல்லதான் கொட்டினேன். தோண்டினா வருது."

அந்தத் திட்டு பெரிதாக இருந்தது. நூறு பேருடைய நிலம் அதில் இருந்திருக்கும். மூத்தவள் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். கறுப்பாக, மாவுபோல், நல்ல மண். எங்களுடையது இதில் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் அவள் கண் தேடியது. உடனே கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். திட்டின் மறுகோடிவரை சேற்றில் காலடிகள் இருந்தன. நிறைய இருந்தன, ஒரு கிழவர் ஐந்து நாளில் வைக்க முடிகிற அளவுக்கு மேல்.

மகள், "அப்பா, வீட்டுக்குப் போகலாம்பா" என்றாள். அவர் மறுக்காமல் எழுந்து வந்தார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அக்கம்பக்கத்தாரின் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்க்கிறார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லையாம்.

படகிலிருந்து இறங்கி வண்டிக்கு நடக்கும்போது இளையவன்தான் பேச்சை எடுத்தான்.

"குறுக்கே ஓட்டணும்னா சக்கரத்தை அகட்டி வைக்கணும்க்கா. அப்பா அகட்டலே. அதான்."

அவள் அவனைப் பார்க்காமலே சொன்னாள். "அகட்டிரலாம். சரிவு ஜாஸ்தியா இருக்கிற இடத்தைப் புல்லுக்கு விட்ருவோம்."

"மொதல்ல நீ ஓட்டு. நான் பார்த்துட்டு நிக்கிறேன்."

"நின்னாப் பத்தாது. எனக்கு முன்னாடி நடந்து கல்லு இருக்கான்னு பாரு."

அப்படித்தான் செய்தார்கள். உழாமல் விதைக்கும் கருவியை வாடகைக்கு எடுத்தார்கள். இருபது தப்படிக்கு ஒன்றாகச் சரிவின் குறுக்கே புல்வரிசை நட்டார்கள். அவன் கடப்பாரையோடு முன்னால் நடந்து கல் கல்லாகப் புரட்டிப்போட, அவள் பின்னால் ஓட்டினாள். முதல் நாள் முழுவதும் அவன் முதுகுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வெயிலால் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். முதல் வருடம் களை மண்டியது. எலி வந்தது. விளைச்சல் கால்வாசி குறைந்தது. அவன் தினமும் முணுமுணுத்தான். ஆனால் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. மூன்றாம் வருடம் ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் அவனே டிராக்டரில் ஏறிக் குறுக்கே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தண்ணீர் கேட்டான்.

மண் போன அந்த இரண்டு ஏக்கரில் புல்விதை தூவியிருந்தார்கள். கெட்டித்தரையில் ஈரம் பள்ளத்தில்தான் தங்கும். அதனால் புல் முதலில் காலடிகளுக்குள்தான் முளைத்தது. ஒரு மாதம்போல, மேட்டில் நின்று பார்த்தால் பச்சைப் பாதங்கள் வரிசை வரிசையாக ஓடைக்கு இறங்கிப் போயின. அந்த ஒரு மாதமும் இளையவன் அந்தப் பக்கம் போகவில்லை. அவளும் அவனைத் தனியாக விட்டதில்லை. பிறகு புல் படர்ந்து எல்லாவற்றையும் மூடியது. எங்கே பாதம், எங்கே சால் என்று தெரியவில்லை.

இப்போது வருடத்துக்கொரு முறை, அறுவடை முடிந்ததும், இளையவன் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு அங்கே போகிறான். புல்லுக்கு நடுவே குத்தி, எவ்வளவு ஆழத்தில் கெட்டித்தரை முட்டுகிறது என்று பார்க்கிறான். பட்டப்பகலில் போவான். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வேலிமரத்தில் முடிந்திருப்பான்.

"போன வருஷத்தைவிட மண்ணு ஒரு நகக்கனம் கூடியிருக்கு" என்றான் இந்த வருடம்.

"கம்பியைச் சாய்ச்சுக் குத்தியிருப்பே."

"நேராத்தான்க்கா குத்தினேன்" என்று சொல்லிவிட்டு, அவன் கை கால் கழுவப் போனான்.